உன் தலையில் வைத்த கை

அப்பு,

இந்தக் கடிதத்தைக் கோமதிக்குப் படித்துக் காட்டுவதற்கு முன்னால் நீ ஒரு தடவை தனியாக உட்கார்ந்து படித்துவிடு. படித்த பிறகு அவளிடமும் கொடு, பீரோவில் ஒளித்து வைக்காதே. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்தச் சேதியெல்லாம் ஆகாது என்று நினைப்பாய். பெண்கள் எதையும் தாங்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வது ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம். உன் அப்பாவுக்கும் அது இருந்தது. நம் கடைத் தரகர் அழகர்சாமி அண்ணன் மதியம் பஸ்சுக்கு மதுரை போகிறார். தபாலில் போட்டால் இரண்டு நாளாகும், எனக்கு இரண்டு நாள் இல்லை. அதனால் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். காலையில் கடையைத் திறக்காமல், ஏலக்காய் மூட்டை மேல் பலகையைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீ பள்ளிக்கூடத்து வாத்தியார்; சிவப்பு மையை எடுத்துத் திருத்தாமல் படி.

சுற்றி வளைக்க நேரமில்லை. தை மாதம் நீ வந்திருந்தபோது உன் தலையில் கை வைத்து நான் சொன்னது பொய். கேசவனுக்கும் எனக்கும் ஏலக்காயைத் தவிர வேறு சோலி கிடையாது என்று சொன்னேனே, அது பொய். அவர் நாளை மறுநாள் மலையை விட்டே போகிறார். போய்விட்டால் அவர் இருக்கப்போகும் ஊரின் பேர்கூட எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் நான் மேலே போய் அவரைப் பார்க்க வேண்டும். அவர் சம்மதித்தால் அவரோடு இருந்துவிட வேண்டும். இன்னொரு தடவை அந்த ஆள் பேர் காதில் விழுந்தால் நீ எனக்கு அம்மா இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு அவரும் வேண்டும், நீயும் வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் இப்படிக் கேட்கிறாளே என்று உனக்கு உடம்பு கூசும். எனக்கும் கூசுகிறது. கூசிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

உன் அப்பா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அவர் போன மூன்றாம் மாதம் நான் கடையில் உட்கார்ந்தபோது இந்தத் தெருவே சிரித்தது. நம் தெருவில் ஏலக்காய் வியாபாரம் துண்டுக்குள்தான் நடக்கும். விற்கிறவனும் வாங்குகிறவனும் துண்டுக்கு அடியில் கை நீட்டி, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. "தாலி அறுத்தவ எவன் கையப் பிடிச்சு வெலை பேசுவா?" என்று உன் மாமனார் கேட்டார். அப்போது அவர் நமக்குச் சம்பந்தி இல்லை, பக்கத்துக் கடைக்காரர். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அழகர்சாமி அண்ணனைத் தரகராக வைத்தேன். நான் உள்ளே உட்கார்ந்து ஜாடை காட்டுவேன், அவர் வாசலில் துண்டைப் போட்டுப் பேசுவார். அப்படியே எட்டு வருஷம் ஓடியது. அதற்குள் நீ படித்து முடித்தாய், மதுரையில் வேலைக்குப் போனாய்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி. நல்ல மழை. அண்ணன் தன் பேத்தி காதுகுத்துக்குப் பொட்டிபுரம் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து, போடிமெட்டுக்கு மேலே சின்னதாகத் தோட்டம் வைத்திருந்த கேசவன் இரண்டு மூட்டைக் காயோடு வந்து நின்றார். மலையாளத்து ஆள், முப்பது வருஷமாக மலையில் இருந்து பாதித் தமிழாகிவிட்டவர். ஜீப்பு திரும்புகிற நேரம். "முதலாளியம்மே, ஆளில்லேன்னா ஞான் அடுத்த கடைக்குப் போகட்டே?" என்றார். பச்சை குறையாத அருமையான காய். அடுத்த கடை என்றால் உன் மாமனார் கடை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏண்ணே, எனக்குக் கை இல்லையா? துண்டைப் போடுங்க" என்றேன். அவர் தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து விரித்தார். நான் அவருடைய மூன்று விரலைப் பிடித்தேன். அவர் நாலாவதையும் நீட்டினார். நான் அதை மடக்கினேன். அவர் மறுபடி நீட்டினார். கடைசியில் மூன்றரை விரலுக்கு இறங்கி வந்தார். விலை முடிந்துவிட்டது, இரண்டு பேருக்கும் அது தெரியும், ஆனாலும் கை அங்கேயே இருந்தது. ஒரு மனிதக் கை இவ்வளவு சூடாக இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. ஒரு நிமிஷம் இருக்குமா? இருக்காது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போனார். நான் அவருக்குச் சாக்கைத் திருப்பிக் கொடுக்க மறந்து போனேன்.

அதற்குப் பிறகு கேசவன் வருகிற வியாழக்கிழமைகளில் அழகர்சாமி அண்ணனுக்கு வெளிவேலை வந்துவிடும். நான்தான் அனுப்பினேன், ஒத்துக்கொள்கிறேன். தப்பாக ஒன்றும் நடக்கவில்லை என்று எழுத வந்து நிறுத்திவிட்டேன், ஏனென்றால் எதைத் தப்பு என்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து பேசினோம். கருப்பட்டிக் காப்பி குடித்தோம். அவருக்கு மனைவி இறந்து பதினெட்டு வருஷம், பிள்ளை கிடையாது, தானே பொங்கித் தின்கிறவர். புளியைக் கரைத்து ஊற்றி அதற்கு மேலே தேங்காய்ப் பாலையும் ஊற்றி அதற்குக் குழம்பு என்று பேர் வைத்திருக்கிறார். அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில், உள்ளே காய் பொறுக்கிக்கொண்டிருந்த நம் பேச்சி எழுந்து ஓடி வந்தாள். "என்ன மதினி, என்னாச்சு?" என்றாள். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சத்தமாகச் சிரித்து அவள் கேட்டதில்லை.

என் முழங்கால் வலியைப் பற்றி அவரிடம் நான் சொன்னதே இல்லை. தரையிலிருந்து எழும்போது மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுவேன், அதைப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் ஒரு முக்காலி செய்து கொண்டுவந்து வைத்தார். "இதில் இருந்து காய் பொறுக்கினால் மதி" என்றார். அவர் பாஷையில் இருந்து என்றால் உட்கார்ந்து, மதி என்றால் போதும். தீபாவளிக்கு வந்த நீ அதில் உட்கார்ந்துகொண்டு, "நல்லா இருக்கேம்மா, யாரு செஞ்சது?" என்றாய். சந்தையில் வாங்கினேன் என்றேன். அவரை வைத்து உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவரை அண்ணே என்று கூப்பிடுவது எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. அதையும் பேச்சிதான் கண்டுபிடித்தாள். "இப்பல்லாம் அந்தாளை அண்ணேங்கிறதே இல்லை, மொட்டையா வாங்க போங்கங்கிறீக?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று அவளை அதட்டினேன். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கை ஓடவில்லை.

இங்கே உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். செல்லம் அத்தையைப் பற்றி. உன் அப்பாவின் தங்கை, இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்து நம் வீட்டுக்கு வந்தவள், உன்னை இடுப்பை விட்டு இறக்காதவள். உனக்கு நாலு வயது இருக்கும்போது குரங்கணிக் காப்பித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் அவளைக் கேட்டு வந்தார். தன்மையான ஆள். தாரமிழந்தவர். உன் அப்பா பாதி மனசுக்கு வந்துவிட்டார், நான்தான் கெடுத்தேன். "ஊர் என்ன சொல்லும்? நாளைக்கு நம்ம பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று கூடத்தில் நின்று, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். செல்லம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "அண்ணி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். மிச்சத் தேங்காயையும் துருவி முடித்தாள். அத்தை ஏன் எப்போதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே சாப்பிடுகிறாள் என்று நீ சின்ன வயதில் கேட்பாய். பழக்கம் என்று சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து சாகிற வரைக்கும், பதினாலு வருஷம், அவள் என் முகம் பார்த்து ஒரு வாய்ச் சோறு தின்றதில்லை. உன் அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவளும் தாலி இல்லாதவள், நானும் தாலி இல்லாதவள், இரண்டு பேர்தான் பெரியவர்கள். அப்போதாவது திரும்புவாள் என்று பார்த்தேன், திரும்பவில்லை. அவள் செத்தபோது நீ உன் அப்பாவுக்கு அழுததைவிட அதிகமாக அழுதாய். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உனக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நீயும் இன்றைக்கு, பிறக்கப்போகிற பிள்ளைக்காகச் செய்கிறேன் என்றுதான் சொல்வாய்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். மாட்டுப்பொங்கலன்று கொட்டகையில் மதியக் காட்சி. வயதான இரண்டு பேர் சிநேகமாகிற கதை, சண்டை இல்லை, பாட்டும் சுமார்தான் என்று ஜீப்பு டிரைவர் அவரிடம் சொல்லியிருக்கிறான். போகலாமா என்று கேட்டார். கொட்டகையில் ஆண் பக்கத்துக்கும் பெண் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு சுவர் இருப்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் அதில் ஏறி உட்கார்ந்து அடி வாங்கியிருக்கிறாய். நான் பேச்சியோடு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன், அவர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். எங்கள் ஏற்பாடு அவ்வளவுதான்.

படத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர். சத்திரத்தில் சமைக்கிற ஒரு விதவை. அந்தத் தெருவில் இத்தனை வருஷம் தபால் கொடுத்தவர் என்பதால், அவளுக்கு மட்டும் ஒருநாளும் கடிதம் வந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அவரே அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, அவரே கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவரே வாசற்படியில் உட்கார்ந்து படித்தும் காட்டுகிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவளைப் பார்க்கப் போவதற்காக அவர் கண்ணாடி முன் நின்று, இருக்கிற நாலு முடியைத் தண்ணீர் தொட்டுச் சீவி, முகத்துக்குப் பவுடர் போடுகிறார். கொட்டகையே விசிலடித்தது. "ஏலே, கெழவனுக்குப் பவுடரப் பாருடா! காடு வா வாங்குற நேரத்துல கேக்குது பாரு!" என்று முன்னால் ஒருவன் கத்தினான். பெண்கள் பக்கமும் சிரித்தது. பேச்சியும் சிரித்தாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன், அப்பு. எப்படி எழுந்தேன் என்று தெரியாது, முழங்கால்கூட வலிக்கவில்லை. "எவன்டா அவன்? ஒங்க ஆத்தா அப்பனுக்கெல்லாம் வயசே ஆகாதா? வயசானா மனசு செத்துருமா? வாயை மூடிக்கிட்டுப் படத்தைப் பாருங்கடா!" என்று கத்தினேன். படத்தில் பேசுகிறவர்கள் குரலே கேட்கவில்லை, அவ்வளவு சத்தம். எல்லாத் தலையும் திரும்பியது. அப்போதாவது நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தால், கடைக்காரம்மாவுக்குக் கிறுக்கு என்று விட்டிருப்பார்கள். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேசவன் எழுந்தார். "அதே, சரியாத்தான் பறஞ்சது. இனி இரிக்கு" என்று சொல்லி, சுவருக்கு மேலே கையை நீட்டி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். உட்கார் என்று நீ வா போ என்கிற மாதிரிச் சொன்னார். அந்த ஒரு சொல் போதாதா? யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று போடி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. நான் பாதிப் படத்திலேயே எழுந்து வெளியே வந்துவிட்டேன். முடிவைப் பேச்சிதான் சொன்னாள். அந்தம்மா காசிக்குப் போய்விடுகிறாளாம், அவர் ரயிலடியில் கை காட்டிக்கொண்டே நிற்கிறாராம். படம் எடுத்தவனுக்கும் தைரியம் இல்லை.

உன் மாமனார் அன்றைக்கே உனக்குத் தந்தி அடித்தார். அம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்படு என்று. நீ அழுது முகம் வீங்கி பஸ்சிலிருந்து இறங்கி ஓடி வந்தாய். நான் காய் புடைத்துக்கொண்டிருந்தேன். என்னை உயிரோடு பார்த்த சந்தோஷம் உன் முகத்தில் ஒரு நொடி வந்தது, அதை நான் பார்த்தேன், அப்புறம் உன் மாமனார் உன்னைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார், திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தாய். கூடத்தில் நீ, உன் மாமனார், தெருப் பெரியவர்கள் இரண்டு பேர். உன் மாமனார் என்னிடம் நேராகப் பேசவில்லை, உத்தரத்தைப் பார்த்துப் பேசினார். "தலைப்பிரசவத்துக்கு எம் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்துருவா. வந்தவ திரும்பி இந்த வீட்டுப் படி ஏறணுமா வேண்டாமாங்கிறது இங்க கிடைக்கிற பதிலைப் பொறுத்தது" என்றார். கேசவனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நீ என் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாய். "அம்மா, யாரு என்ன சொன்னாலும் நான் நம்பலை. நீ என் தலைல கை வச்சுச் சொல்லு, போதும்" என்றாய். வேறு என்ன கேட்டிருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எனக்குப் பிறந்த மூன்றில் மிஞ்சிய ஒற்றைத் தலை அது. உண்மையைச் சொன்னால் நீ போய்விடுவாய், பேரப்பிள்ளை போய்விடும். பொய் சொன்னால் உன் தலைக்கே ஆகாது. பெற்றவளைக் கொண்டுபோய் இப்படி ஓர் இடத்தில் நிறுத்தினாயே. நான் கையை வைத்தேன். எண்ணெய் தடவாமல் காய்ந்து கிடந்தது உன் முடி. "இந்தாளுக்கும் எனக்கும் ஏலக்காயைத் தவிர வேற சோலி கிடையாது. காயைக் கொண்டா, வெலையை வாங்கிக்கிட்டுப் போன்னு இருக்கிறவ நான்" என்றேன். மரியாதை இல்லாமல், அவர் முகத்துக்கு நேரே. அவர் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தார். "அம்மை பறஞ்சது நேரு. வேற ஒண்ணும் இல்லை" என்றார். நேரு என்றால் உண்மை. வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி நின்று, என்னிடம் மட்டும் மெதுவாக, "சாரமில்லா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அவர் என்னைத் திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு கஷ்டம் இருக்காது. நீ நிம்மதியாகக் குளித்து, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டு, அந்த ஆள் பேர் இனிக் காதில் விழுந்தால் நீ எனக்கு அம்மா இல்லை என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டு, சாயங்கால பஸ்சுக்குப் போனாய்.

பதினொரு நாள் கழித்துக் கோமதி கடிதம் வந்தது. வகுப்பில் பாடம் நடத்தும்போது நீ தலைசுற்றி விழுந்து, மேஜை விளிம்பு பட்டு நெற்றியில் நாலு தையல் என்று. காய்ச்சலோடு சாப்பிடாமல் போனதால் வந்த மயக்கம் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டருக்கு என்ன தெரியும்? எந்த இடத்தில் அடி என்று இரண்டு தடவை பதில் போட்டுக் கேட்டேனே, ஏன் என்று இப்போது புரிகிறதா? நான் கை வைத்த இடமா என்று தெரிந்துகொள்ளத்தான். கோவிலுக்குப் போனேன், மஞ்சள் துணியில் காசு முடிந்தேன், ஒன்பது நாள் ஒருவேளைச் சோற்றோடு இருந்தேன். பொய் அப்படியே இருக்கும்போது நேர்ந்து என்ன பயன்? நீ சிரிப்பாய். படித்தவன், இதெல்லாம் நம்பாதவன். நம்பாதவன் ஏன் என் கையை எடுத்து உன் தலையில் வைத்தாய்? ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். நாளைக்குக் கோமதியிடமோ பிறக்கப்போகிற பிள்ளையிடமோ ஏதாவது தெரிய வேண்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கேள், பதில் பிடிக்காவிட்டாலும் எழுந்து போகாமல் இரு. சத்தியம் மட்டும் கேட்காதே. அதைக் கேட்கிறவனுக்கு உண்மை கிடைக்காது, தனக்கு வேண்டிய பதில்தான் கிடைக்கும். உன் மேல் பாசம் இருக்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள்.

கூடத்தில் அப்படிப் பேசிய பிறகு எந்த வியாழனும் அவர் வரவில்லை. காயை வேறு ஆளிடம் கொடுத்தனுப்புகிறார், அதுவும் உன் மாமனார் கடைக்கு. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஜீப்பு நிற்கிற இடம் வரைக்கும் போனேன். அங்கே தெரிந்தவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். "என்னாத்தா, எங்கிட்டுக் கெளம்பிட்டீக?" என்றார்கள். கருவேப்பிலை வாங்க வந்தேன் என்று சொல்லி, ஒரு கட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். நம் வீட்டுக் கொல்லையில் கருவேப்பிலை மரம் இருப்பது அவர்களுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டைத் தரையில் போட்டுவிட்டு, பேச்சி வருகிற வரைக்கும் அழுதேன். சோறு இறங்கவில்லை. ஒருநாள் தட்டோடு உட்கார்ந்திருந்தவள், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். வீட்டில் வேறு யாருமே இல்லை. யாருக்காகத் திரும்பினேன்?

நேற்று ஜீப்பு டிரைவர் கடை வாசலில் நின்று பேச்சியிடம் சொல்லிவிட்டுப் போனான். கேசவன் தோட்டத்தை அக்காள் மகனிடம் ஒப்படைத்துவிட்டாராம். சனிக்கிழமை புறப்பட்டு, கடற்கரைப் பக்கம் அக்காள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். "ஏன் மதினி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு இருப்பாருல்ல?" என்று பேச்சி கேட்டாள். நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் அவர் போகிறார் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

இன்று வியாழன். நாளை காலை ஆறு மணிக்குத் தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பு மெட்டுக்குப் போகும், அதில் நான் போகிறேன். நீ இந்தக் கடிதத்தைச் சாயங்காலம் படிப்பாய். இரவோடு இரவாக ஓடி வந்து தடுக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன். தடுத்தால் நின்றுவிடுவேன், அதுதான் எனக்குப் பயம். அழகர்சாமி அண்ணன் கையில் ஒரு பதில் எழுதிக் கொடு என்று கேட்கத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். சரி என்று ஒற்றைச் சொல் போதும் என்று எழுதி, அதை அடித்துவிட்டேன். அவர் நாளை மதியம்தான் திரும்புவார், அதற்குள் நான் மேலே போயிருப்பேன். உன் அனுமதிக்குக் காத்திருந்தால் நானும் காசிக்குப் போகிற கதைதான். கடைச் சாவி பேச்சியிடம் இருக்கும். உன் அப்பா கட்டிய வீடு உன்னுடையது, அதில் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

உன் மாமனார் கோமதியை வைத்து மிரட்டினால் அவளிடமே கேட்டுப் பார். அவளிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. போன தீபாவளிக்கு அவள் அடுப்படியில் வைத்து, "அத்தே, அந்த முக்காலி செஞ்சவரு இன்னொண்ணு செஞ்சு குடுப்பாரா?" என்று என்னிடம் கேட்டாள். நான் உன்னிடம் சொன்ன பொய்யை அவள் நம்பவில்லை, ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. அவளைத் திட்டாதே. வளைகாப்புக்கு நான் வந்தாலும் ஓரமாகத்தான் நிற்க வேண்டும், அதனால் அவளுக்கு ஆசைப்பட்டு வாங்கிய பச்சை வளையலை இத்துடன் வைத்திருக்கிறேன். யார் கையாலாவது போடச் சொல்.

மேலே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஊர் முன்னால் தன்னை இல்லை என்று சொன்னவளை அவர் எதற்காக உள்ளே கூப்பிட வேண்டும்? கூப்பிடாவிட்டால் நியாயம்தான். கூப்பிடாவிட்டால் சாயங்கால ஜீப்பில் இறங்கி, ராத்திரி பஸ்சைப் பிடித்து உன் வாசலில் வந்து நிற்பேன், எனக்குப் போக்கிடம் வேறு இல்லை. அப்போது நீ என்னைப் பார்த்துப் பாவம் என்று இரங்கி, அவன் வேண்டாம் என்றுவிட்டான், தொல்லை விட்டது என்று உள்ளே கூப்பிடுவாய். அதற்காகக் கதவைத் திறக்காதே, அப்பு. அவர் சரி என்று சொல்லி, நானும் அவரும் சேர்ந்து வந்து நின்றிருந்தாலும் திறந்திருப்பாயா என்று உன்னையே கேட்டுக்கொள். திறந்திருப்பாய் என்றால் மட்டும் திற.

அம்மா